பழைய இரும்பும் உயர்ந்த உருக்கும்

அரியலூரில் 1979-இல் தொடங்கிய அரசு சிமெண்டு ஆலை முதலாக, தளவாய், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர் ஆகிய ஊர்களில் எழுந்த ஆலைகள் யாவும் அல்லும் பகலும் சுண்ணாம்புக்கல்லை உடைப்பதும் அரைப்பதுமாக இருக்கையில், அந்த ஓயாத மோதலில் தேய்ந்து கழியும் உலோகத்தின் கதி என்ன என்பது விசாரணைக்குரிய விஷயமாகும்.

கல்லுடைக்கும் கிரஷரின் சுத்தியல்கள் பெரும்பாலும், நூற்றுக்குச் சுமார் 12 பங்கு மாங்கனீசு கலந்த உருக்கினால் வார்க்கப்படுபவை. 1882-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்ட இவ்வுருக்கு, அடிபட அடிபட மேற்பரப்பு இறுகும் விசேஷ குணமுடையது, காந்தத்தில் ஒட்டாதது. அரவைக் குண்டுகளிலோ குரோமியம் மிகுதி. தேய்ந்தது போக மிஞ்சுவதும் இதே உயர்ந்த உலோகந்தான்.

பழைய இரும்பை உருக்கி மீண்டும் உபயோகிப்பதன் நன்மையை மறுப்பாரில்லை. ஒரு டன் பழைய இரும்பு 1.1 டன் இரும்புத் தாதையும், 630 கிலோ நிலக்கரியையும், 55 கிலோ சுண்ணாம்புக்கல்லையும் மிச்சப்படுத்துமென்று மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டுக் கொள்கை கணக்கிடுகிறது.

ஆயினும், எல்லாவற்றையும் எடைக்கு எடை ஒரே விலை பேசி, சுத்தியலையும் கட்டடக் கம்பியையும் மோட்டாரின் செம்புக் கம்பியையும் ஒரே குவியலாக உலையிலிடுவது பெருங்குறை. பிராணவாயு செலுத்தும் உலையில் குரோமியமும் மாங்கனீசும் பெரும்பாலும் கசடாகிப் போக, வேண்டாத செம்பும் வெள்ளீயமுமோ உருக்கிலேயே தங்கி, சூட்டில் உருட்டும்போது அதில் விரிசல் விழச் செய்கின்றன. ஆக, காக்க வேண்டியது கழிகிறது, கழிய வேண்டியது நிலைக்கிறது. இனம் பிரித்து இண்டக்‌ஷன் உலையில் உருக்கினால் அரிய உலோகங்களில் பெரும்பங்கு தப்பும். எனினும் அங்கும் பாஸ்வரம் நீங்காமல் சேர்ந்துகொண்டே போவதால், புது உலோகம் கலந்து அதன் அளவைத் தணிக்க வேண்டும். மாங்கனீசுப் புகை தொழிலாளரின் நரம்புகளைப் பாதிக்குமாதலால், புகைபோக்கியும் முகமூடியும் இல்லாத உருக்குசாலை எவ்வளவு லாபம் தந்தாலும் நியாயமானதன்று.

எனவே குறை மறுசுழற்சியில் அன்று, பாகுபாடின்மையில்தான் இருக்கிறது. ஆலை வாசலிலேயே சுத்தியலையும் குண்டையும் தனித்தனியே குவித்து, காந்தத்தாலும் சாணைக்கல்லில் தெறிக்கும் தீப்பொறியாலும் சோதித்து, இனம் எழுதி, வார்ப்படச் சாலைக்கே திருப்பியனுப்புவதற்குப் பெருமூலதனம் தேவையில்லை. சிரத்தை இருந்தால் போதும். பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் ஆலை நிர்வாகிகளும் பழைய இரும்பு வியாபாரிகளும் இதை இன்றே மேற்கொள்ள வேண்டும்.