ஒரு நாள் கேமராவும் ஓர் அசட்டு மேனேஜரும்

நகைச்சுவை பிறக்கும் இடங்கள் நான்கு என்பது தொல்காப்பியர் கணக்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இங்கிலாந்தில் காசில்லாமல் எடுத்த ஒரு சின்னப் படத்துக்கும் மெய்ப்பாட்டியலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

1998இல் ஸ்டீபன் மெர்ச்சன்ட் என்ற இளைஞர் பிபிசியில் தயாரிப்புப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஒரு நாளைக்குக் கேமரா குழு ஒன்று கிடைத்தது. நண்பர் ரிக்கி ஜெர்வைஸ் வேடிக்கையாகச் செய்து காட்டும் ஓர் அசட்டு மேனேஜரை வைத்து, 'சீடி பாஸ்' என்ற குறும்படத்தை எடுத்தார். விமான நிலையம், டிரைவிங் ஸ்கூல் என்று வேலையிடங்களுக்குள் கேமராவைத் தூக்கிப்போய்க் காட்டும் தொடர்கள் அப்போது பிரிட்டிஷ் டிவியில் ஓஹோவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பாணியையே கேலிக்கு எடுத்துக்கொண்டார்கள். செட் வேண்டாம், விளக்கு வேண்டாம், செலவும் மிச்சம்! அந்த மாதிரிப் படம்தான் வளர்ந்து, 2001 ஜூலையில் பிபிசி 2இல் 'தி ஆபீஸ்' என்ற தொடரானது. 2003 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதிகளையும் சேர்த்து மொத்தம் 14 பகுதிகள்தாம்.

ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகிதக் கம்பெனிக் கிளை. அதற்கு மேனேஜர் டேவிட் பிரென்ட். தன்னைப் பெரிய ஜோக்கர், ஊழியர்களின் உற்ற நண்பர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். பின்னணியில் சிரிப்பொலி கிடையாது. அதனால் அவர் ஜோக்கடித்த பிறகு வரும் அமைதியே நமக்குச் சிரிப்பாகிறது. கீழே வேலை செய்யும் டிம் கேமராவைப் பார்க்கும் ஒரு பார்வை, பத்து வசனத்துக்குச் சமம்.

முதல் பகுதியிலேயே ஒரு காட்சி. வரவேற்பு மேஜையில் இருக்கும் டான் என்ற பெண்ணைக் கூப்பிட்டு, நீ ஆபீஸ் சாமான் திருடினாய், உன்னை வேலையிலிருந்து எடுத்தாயிற்று என்கிறார் பிரென்ட். அவள் அழுகிறாள். உடனே, "சும்மா தமாஷ்" என்று பல்லிளிக்கிறார். எள்ளல் இங்கே தடம் மாறிப்போகிறது பாருங்கள். அவர் எள்ள நினைத்தது அவளை. நாம் எள்ளுவது அவரை. மாற்றுத்திறனாளியையும் கறுப்பரையும் வைத்து அவர் உளறும் இடங்களிலும் இதே கணக்குதான். மரியாதைகெட்ட நகைச்சுவை என்று இதை ஒதுக்குகிறவர்கள், மரியாதை யாருக்குக் குறைகிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

மேலதிகாரியின் ஜோக்குக்குச் சிரிப்பதும் உத்தியோகத்தில் ஒரு பகுதி என்பது, வெளியூரில் வேலை பார்க்கும் நமக்குப் புதிதில்லை. பாஷை பாதி புரியாவிட்டாலும் சிரித்துவைப்போம். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் 'மதராஸி' ஜோக் இல்லாமல் மீட்டிங் முடியாது. அதிகம் சிரித்தவன் நான்தான், வேறென்ன செய்வது? அந்தச் சிரிப்பின் கசப்பை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு தொடரை நான் பார்த்ததில்லை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது முதலில் நகை, அடுத்து அழுகை, மூன்றாவது இளிவரல். பிரென்டின் கதையும் ஏறக்குறைய அந்தப் படிகளில்தான் இறங்குகிறது. இரண்டாம் வரிசையின் முடிவில் அவருக்கே வேலை போகிறது. இதுவாவது ஜோக்காக இருக்கக்கூடாதா என்பதுபோல் கெஞ்சுகிறார். டானை அழவைத்தவர் அதே இடத்தில் வந்து நிற்கிறார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பேதைமையைப் பார்த்துச் சிரிக்கலாம், பேதையின் வயிற்றில் அடிப்பதைப் பார்த்துச் சிரிக்க முடியாது என்று படம் நம்மிடமே நிரூபித்துவிடுகிறது.

2005இல் தொடங்கிய அமெரிக்கப் பதிப்பு 201 பகுதிகள் வரை நீண்டது. 2019இல் ஃபரிதாபாத்தைக் களமாக வைத்து ஹாட்ஸ்டாரில் இந்திப் பதிப்பும் வந்தது. டில்லிப் பக்கத்து வாசகர்களுக்கு அது வீட்டுக் கதை மாதிரி இருக்கும். ஆனாலும் என் ஓட்டு மூலத்துக்குத்தான். நீண்டுகொண்டே போகும் தொடரில் மேனேஜரை நேசிக்கப் பழகிவிடுகிறோம். 14 பகுதிகளில் அதற்கு இடமில்லை. கையிலிருந்தது ஒரு நாள் கேமரா. அந்த வறுமை கற்றுக்கொடுத்த சிக்கனத்தை அவர்கள் கடைசிவரை கைவிடவில்லை.

பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் வீடுகளில் இதைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். சில இடங்கள் நெளியவைக்கும், வைக்கட்டும். அதிகாரம் கையில் இருப்பவன் அடிக்கும் ஜோக்கில் யார் சிரிக்கவில்லை என்று பார்க்கிற பழக்கம் வந்தால், அதுவே பெரிய படிப்பு.