மூட்டையும் பதிவேடும்

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் நம்மவர் எழுதிய கவிதைகளிலும் சிறுகதைகளிலும் ஒரு சித்திரம் மீண்டும் மீண்டும் வருவதை அவதானிக்கலாம். பசித்த பிள்ளைகளைத் தேற்ற வெறுஞ்சட்டியை அடுப்பிலேற்றிய தாய்க்காக, இரவில் மாமூட்டையைத் தம் முதுகில் சுமந்து சென்ற கலீபா உமர் (ரழி) அவர்களின் சித்திரம் அது. அதனருகே எரிபொருள் வரிசையை நிறுத்தி, 'அத்தகைய ஆட்சியாளர் எங்கே?' என்று கேட்பதோடு படைப்பு முடிந்துவிடுகிறது. வாசகன் கண் கலங்குகிறான். ஆனால் அரசு எதைச் செய்தது, எதைச் செய்யத் தவறியது என்பது அவனுக்குப் புலப்படுவதில்லை.

ஹிஜ்ரி 18இல் வறட்சி வந்தபோது அதே உமர் (ரழி) அவர்கள் ஷாமிலிருந்து தானியம் தருவித்தார்கள். ஸகாத் அறவிடுவதை ஒத்திவைத்தார்கள் என வரலாறு கூறும். யாருக்கு எவ்வளவு என்று எழுதிய 'திவான்' பதிவேடும் அவர்கள் ஏற்படுத்தியதே. நாம் மூட்டையைப் பாடினோம், பதிவேட்டை மறந்தோம்.

மலையகத்தில் வாழ்வோர் இதை மறக்கலாகாது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அதே ஆண்டில் பதவி விலகினார். நெருக்கடியில் அரசு வாக்காளனின் குரலுக்குச் செவிசாய்க்கும் என்பதற்கு இது சான்று. ஆனால் 1948, 1949 சட்டங்களால் தோட்ட மக்களில் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்கையும் ஏற்கனவே இழந்திருந்தனர். 1973, 74இல் எண்ணெய், தானிய விலைகள் ஏறி அரிசிப் பங்கீடு குறைந்தபோது, கிராமத்தவன் மரவள்ளி நட்டுச் சமாளித்தான். நட நிலமில்லாத தோட்டங்களில் மரணங்கள் பெருகின. வானம் பொய்த்ததால் மட்டும் வந்த பஞ்சமல்ல அது. யாரை முதலில் கணக்கிலெடுப்பது என்ற தீர்மானமும் அதிலிருந்தது.

2022 ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. பெற்றோல் வரிசையைப் பாடிய நம் கவிஞர்களில் எத்தனை பேர் இந்த விலையைப் பாடினர்? லயத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடுண்டு. மண்ணெண்ணெய்ப் போத்தல் இல்லாத வீடு அரிது. 2023இல் 'அஸ்வெசும' வந்தது. 22 குறிகாட்டிகள் கொண்டு வறுமை அளக்கப்பட்டது. கினிகத்தேனைப் பக்கத்தில் படிவத்தோடு ஆசிரியனைத் தேடி வரும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். ஒரே லயத்தில் மூன்று குடும்பம், கொழும்புக் கடையில் வேலை செய்யும் தகப்பன். 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது? அந்த ஒரு கட்டத்துக்குள் ஒரு சிறுகதை இருக்கிறது.

இலக்கியம் பொருளியல் அறிக்கையல்ல என்பர். உண்மைதான். எனினும் நமக்கு மிக அண்மையிலுள்ள ஓர் ஆவணத்தையே நாம் இன்னும் போதியளவு எழுதவில்லை. மலையக நகரங்களில் முஸ்லிம் கடைக்காரரின் கடன் கொப்பியைச் சொல்கிறேன். அரசின் பட்டியலில் விடுபட்ட பெயர்கள் அந்தக் கொப்பியில் இருந்தன. மொத்த வியாபாரி கைக்காசு கேட்டதும் கொப்பியும் மூடப்பட்டது. கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருவரையொருவர் பார்க்கக் கூசிய நாட்கள் அவை. கடைக்காரரின் ஈகையும் ஜமாஅத்தின் ஸகாத் நிதியும் சில வீடுகளைத் தாங்கலாம். கோதுமை மாவின் விலையை அவற்றால் தீர்மானிக்க முடியாது. அது அரசின் கடமை. அவ்வெல்லையை நம் படைப்புகள் காட்டாவிடின், தர்மத்தைப் புகழ்ந்து அரசைத் தப்பவிட்டவர்களாவோம்.

ஆட்சியாளருக்கு இறையச்சம் வேண்டுமென்று எழுதுவது எளிது. பட்டியலிலிருந்து ஒரு பெயர் எப்படி, யாரால், எந்த விதியின்படி விடுபட்டது என்று எழுதுவது கடினம். நம் எழுத்தாளர்களிடம் நான் வேண்டுவது அந்தக் கடினமான எழுத்தையே.