தெளிந்தவர் திரும்பும் வழி: இரு திரைப்பட முடிவுகள்

தமிழ்த் திரைப்படங்களில் மனநோயாளர் பெரும்பாலும் சிரிப்பூட்டுவதற்கென்றே தோன்றுவர். ஈழத்துப் பேச்சில் அங்கொடை ஊர்ப்பெயர் என்ற நிலை கடந்து ஏளனச் சொல்லாயிற்று. அத்திரைப்படங்களில் கீழ்ப்பாக்கமும் அவ்வாறே ஆயிற்று. இத்தகைய படங்களைப் பற்றி விரித்துரைக்க ஏதுமில்லை. நோயாளர்பால் உண்மையான பரிவு கொண்ட படைப்புகளே ஆய்வுக்குரியன. பரிவினுள்ளும் விலக்கி வைத்தல் ஒளிந்திருக்கக்கூடும்.

மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா 1982 இல் 'மூன்றாம் பிறை'யை இயக்கினார். அவரிடம் தொழில் பயின்ற பாலாவின் முதற் படமான 'சேது' 1999 இல் வெளிவந்தது. ஆசிரியர், மாணவர் இருவரும் ஒரே வினாவையே எதிர்கொண்டனர் எனலாம்: நோய் தெளிந்தவர் எங்கே திரும்புவார்?

விபத்தொன்றினால் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட விஜியைச் சீனு பேணிக் காக்கிறான். குணமடைந்ததும் அவள் அவனை முற்றாக மறந்துவிடுகிறாள். புகையிரத நிலையத்தில், காயமுற்ற உடலோடு முன்னைய குரங்காட்டங்களை ஆடிக்காட்டித் தன்னை நினைவூட்ட முயலும் அவனை அவள் பைத்தியக்காரன் என்றே கொள்கிறாள். இக்காட்சி காதலின் அவலமாகவே இதுவரை பெரிதும் போற்றப்பட்டு வந்துள்ளது. அது பொருந்தும், ஆயின் அதனினும் கொடியதொன்று அங்கே நிகழ்கிறது. நேற்றுவரை தன்மேலிருந்த முத்திரையை இன்னொருவன்மேற் குத்த விஜிக்குச் சில கணங்களே போதுமாகின்றன. அவள் கொடியவளல்லள். எல்லோரும் பார்க்கும் கண்ணாலேயே அவளும் பார்க்கிறாள். இயக்குநர் அறிந்தே இதனை அமைத்தாரோ அன்றோ, படத்தின் ஆழம் இவ்விடத்திலேயே உள்ளது.

எனினும், விஜி வீடு திரும்ப முடிவது எதனால்? நோயுற்ற காலம் அவளிடத்துச் சுவடின்றி அழிந்தமையாலாகும். நினைவோடு திரும்புபவர்க்கு இந்த வசதி வாய்ப்பதில்லை.

இரு படங்களிலும் நோய்க்குக் காரணம் தலையில் நேர்ந்த காயமே என்பதும் நோக்கத்தக்கது. காயத்துக்குப் பரம்பரை இல்லை. ஆகவே குடும்பத்தின்மேற் பழியும் இல்லை. நம் சமூகத்திலோ ஒருவரின் நோய் அவரோடு நிற்பதன்று. தங்கையின் கலியாணப் பேச்சு வரை அது செல்லும். அதனாலேயே வீட்டார் மறைப்பர், வைத்தியமும் பிந்தும். இரு இயக்குநர்களும் இந்த இடத்தைத் தொடாமலே சென்றுவிட்டனர்.

சேது தெளிவடைகிறான், மடத்தில் எவரும் நம்பவில்லை. தான் தெளிந்துவிட்டதாக அவன் வாதிடுவதும் பித்தின் குறியாகவே கொள்ளப்படுகிறது. இதனை மிகை எனக் கருதுபவர் ஏர்வாடியை நினைத்தல் வேண்டும்: 2001 ஆகஸ்ட் 6 ஆம் திகதி அங்கே ஒரு மனநோயாளர் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமற் போக, 28 பேர் மாண்டனர்.

தப்பி வந்த சேது, அபிதா இறந்துகிடப்பதைக் கண்டு, தானாகவே மடத்தாரிடம் மீள்கிறான். அவள் உயிரோடிருந்திருந்தால் ஊர் அவனை ஏற்றிருக்குமா, அவளை அவனுக்குக் கொடுத்திருக்குமா என்னும் வினா எழுவதற்கு முன்னரே அவளது மரணம் அதனை மூடிவிடுகிறது.