மெனுவின் கடைசிப் பக்கம்

இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் ராணுவ ஊர். 1997க்கு முன் பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற நேபாள கூர்க்கா வீரர்களும் குடியேறலாம் என்று 2009இல் ஆனபின் அங்கே நேபாளிகள் பெருகினார்கள். அங்குள்ள இந்திய-நேபாள உணவகங்களில் மெனுவின் முன்பக்கங்களை டிக்கா மசாலாவும் கோர்மாவும் பிடித்துக்கொள்ளும். நான் நேரே நேபாள உணவுகள் இருக்கும் கடைசிப் பக்கம் போவேன்.

மோமோ. நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. மடிப்பு மட்டும் பூவேலை. பிய்த்தால் உள்ளிருக்கும் சாறு தட்டோடு போய்விடும். சூடு தாங்குமென்றால் முழுசாக வாயில் போட வேண்டும். தொட்டுக்கொள்ள, தக்காளியும் எள்ளும் அரைத்த அச்சார். அதில் திமுர் என்ற நேபாள மிளகு விழுந்திருக்கிறதா என்று நாக்கே சொல்லிவிடும்: முதலில் எலுமிச்சை வாசம், பிறகு உதடு லேசாக மரத்துப்போகும். திமுர் இல்லையா, அது வெறும் தக்காளிச் சட்னி.

பருப்பு சோற்றோடு குந்த்ருக் கேளுங்கள். புளிக்கவைத்துக் காயவைத்த கீரை. முதல் வாய்க்கு முகம் சுளிக்கும். நாலாவது வாயில் கிண்ணம் காலி.