பரிசளிப்பவனின் துலாக்கோல்

விருது என்பது ஒருவகை விமர்சனமே. பலருள் ஒருவரைச் சுட்டி, இவரே இவ்வாண்டின் சிறந்தவர் எனக் கூறும்போது தரம் பற்றிய தீர்ப்பொன்று வழங்கப்படுகிறது. எனவே, தீர்ப்பு வழங்குவோர் எவர், அவர் கையிலுள்ள துலாக்கோல் எவருக்குச் சொந்தம் என்று வினவுவது விமர்சகனின் கடமையாகிறது. ஆண்டுதோறும் நடைபெறும் மின்விளையாட்டு விருதுகளுக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைதல் வேண்டும். கணினி விளையாட்டு சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என முகஞ்சுழிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்கள் அறியாதது அங்குள்ள உழைப்பை. 'பேக்கர்' என்னும் பெயரால் உலகறிந்த தென்கொரியரான லீ சாங்-ஹியோக், 'லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ்' விளையாட்டில் 2013ஆம் ஆண்டு தமது பதினேழாவது வயதில் உலகப் பட்டம் வென்ற அணியில் ஆடினார். 2025 வரை அப்பட்டத்தை ஆறு முறை வென்றுள்ளார். கண்ணும் கையும் கருத்தும் ஒன்றித்து, ஐவர் ஒருவராய் இயங்கும் அவ்வாட்டத்தில் சதுரங்கத்தின் சிந்தனையும் பந்தாட்டத்தின் வேகமும் உண்டு. 2023இல் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டுக்கு முதன்முறையாகப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. இத்தகைய ஆற்றலுக்கு மரியாதை செய்வதில் எவருக்கும் ஆட்சேபம் இருத்தலாகாது.

ஆட்சேபம் எழுவது வேறிடத்தில். 2016இல் லண்டன் நகரில் தொடங்கிய 'ஈஸ்போர்ட்ஸ் அவார்ட்ஸ்' என்னும் விருது விழாவின் பட்டியலை நோக்குக. அங்கே சிறந்த வீரருக்கும் சிறந்த அணிக்கும் பரிசு உண்டு. அவற்றோடு சிறந்த வெளியீட்டு நிறுவனத்துக்கும் சிறந்த வர்த்தகப் பங்காளிக்கும் பரிசு உண்டு! விளையாடியவனும் அவ்விளையாட்டின் மீது தன் பெயர்ப்பலகையை மாட்டியவனும் ஒரே மேடையில், ஒரே கைதட்டலுக்குரியவராய் நிற்கின்றனர். திறமைக்கும் மூலதனத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதனால் மெல்ல அழிக்கப்படுகிறது.

2024இல் இவ்விருது அமைப்பு, றியாத்தில் நடைபெறும் மின்விளையாட்டு உலகக் கிண்ணத்தை நடத்தும் நிறுவனத்தோடு கைகோத்தது. அந்நிறுவனத்தின் பின்னால் நிற்பது சவூதி அரேபிய அரசின் பொது முதலீட்டு நிதி. அவ்வாண்டின் கிண்ணத்துக்கான பரிசுத்தொகை 6 கோடி டொலருக்கும் மேற்பட்டது. மனித உரிமைகளைக் காலால் மிதிக்கும் ஓர் அரசின் முகத்துக்கு எம் கைகளால் பொட்டிடலாமா என்று கேட்டு, அவ்விருதோடு தொடர்புடையோர் சிலர் விலகிக்கொண்டனர். அவ்வாண்டின் உண்மையான பரிசுக்குரியோர் அவர்களே என்பது எமது எண்ணம்.

அதே ஆண்டில் மற்றுமொரு காட்சியையும் கண்டோம். ஜனவரியில் ரயட் கேம்ஸ் நிறுவனம் 530 தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கியது. மே மாதத்தில் அதே நிறுவனம் தன் புகழ்மண்டபத்தின் முதல் நாயகனாக லீ சாங்-ஹியோக்கைச் சிறப்பித்தது. அச்சிறப்பின் நினைவாக, விளையாட்டில் வரும் பாத்திரம் ஒன்றுக்கு அணிவிக்கும் கற்பனை உடை முதலியவற்றை ஏறத்தாழ 500 டொலர் விலையிட்டுக் கடைவிரித்தது. ரசிகர் பலர் வெகுண்டனர். ஒருவனுக்குச் சூட்டிய மாலையை அக்கணமே விலைகூறி விற்கும் இச்செயலைப் பாராட்டு என்பதா, வாணிபம் என்பதா?

விளம்பரதாரர் இன்றி எந்த விளையாட்டு வாழ்கிறது, கிரிக்கெட்டிலும் இதே கதைதானே என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயின் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கிரிக்கெட் எவருடைய சொத்தும் அன்று. ஒரு தென்னை மட்டையும் ஒரு பந்தும் இருந்தால் எந்த ஒழுங்கையிலும் அது பிறக்கும். மின்விளையாட்டோ மட்டையும் பந்தும் மைதானமும் விதியும் ஆகிய அனைத்தும் ஒரு கம்பனியின் உடைமையாக உள்ள விளையாட்டு. 2018 டிசம்பரில் பிளிசார்ட் நிறுவனம் தனது 'ஹீரோஸ் ஒஃப் த ஸ்டோர்ம்' தொழின்முறைப் போட்டித் தொடரை ஓர் அறிவித்தலோடு நிறுத்தியது. அதை நம்பித் தொழில் செய்த வீரரும் வர்ணனையாளரும் ஒரே நாளில் நிர்க்கதியாயினர். அவர்கள் பெற்ற கேடயங்களுள் ஒன்றேனும் அவர்களைக் காக்கவில்லை.

விருதின் ஒளியில் மறைக்கப்படும் உண்மை இதுவே. வீரனுக்குக் கிடைப்பது புகழ். அவன் ஆடும் களத்தின் மீது அவனுக்கு உரிமை இல்லை. புகழை வழங்கும் கை நினைத்தபோது களத்தையே சுருட்டிக்கொள்ள வல்லது. ஆகவே, விருதுகளை ஒழித்துவிடுக என்று நாம் கூறவில்லை. துலாக்கோலை உரியவர் கைக்கு மாற்றுக என்றே கூறுகிறோம். வீரர்களின் சங்கங்களும் அவ்விளையாட்டுகளை ஆக்கும் தொழிலாளரின் சங்கங்களும் நடுவர் குழுவில் இடம்பெறட்டும். வர்த்தகப் பங்காளிக்குரிய கேடயம் மேடையிலிருந்து இறங்கட்டும்.

இரவெல்லாம் விழித்திருந்து அவ்விழாக்களைக் கண்டு, மறுநாள் வகுப்பில் கண்ணயரும் மாணவனைக் கடிந்துகொள்வது ஆசிரியர்க்கு எளிது. அவனிடம் ஒரு கேள்வி கேட்பது அதனினும் பயனுடையது: தம்பி, உன் நாயகன் வென்ற அந்தக் களம் யாருடையது?