எந்தப் பாகத்தைப் போட்டுக் காட்டுவது?

அமெரிக்கக் கல்லூரிகளில் இனம் பற்றிப் பாடம் எடுப்பவர்களிடம் நன்றாகப் புழங்கும் ஆவணப்படம் ‘ரேஸ்: தி பவர் ஆஃப் ஆன் இல்யூஷன்’. கலிபோர்னியா நியூஸ்ரீல் தயாரிப்பு, 2003. மூன்று பாகம், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். வகுப்பு நேரமும் பெரும்பாலும் அவ்வளவுதான். ஒன்றை மட்டும் காட்ட முடியும்னா எதைக் காட்டுவது? முதல் பாகம்னு சொல்லத் தோணும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதல் பாகத்தில் பல நிறத்து மாணவர்கள் தங்கள் டிஎன்ஏவை ஒப்பிடுகிறார்கள். யாரோடு யார் பொருந்துவார்கள் என்ற ஊகமெல்லாம் பொய்த்துப்போகிறது. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அவர்கள் ஒப்பிடுவது அம்மா வழியில் மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. அதில் சுமார் 16,500 எழுத்து. நம் முழு மரபணுத் தொகுதியிலோ சுமார் 300 கோடி. “மிச்சத்துல என்ன இருக்கு?”னு ஒரு மாணவி கேட்டால் இந்தச் சோதனையிடம் பதில் இல்லை. பதில் ரிச்சர்ட் லெவோன்டின் 1972இல் போட்ட கணக்கில் இருக்கிறது: மனிதர்களுக்கிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. வலுவான சான்று அதுதான். ஆனா மனசுல நிக்கிறது சோதனைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. “இனம்னு ஒண்ணு கிடையாதாம்” என்று வெளியே போகிற மாணவர் அடுத்து என்ன சொல்வார்? “அப்புறம் அதை ஏன் பேசிக்கிட்டு?”

இதற்குப் பதில் மூன்றாம் பாகத்தில். ஜப்பானில் பிறந்த ஒசாவா குடியுரிமை கேட்டபோது, வெள்ளையர் என்றால் காகேசியர், நீ அதில் இல்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். இது 1922. அடுத்த ஆண்டே பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திண்ட், மானிடவியல்படி நான் காகேசியன்தானே என்று நின்றார். மேல்சாதி ரத்தத் தூய்மையையும் வாதமாக வைத்தார் (நமக்கு உறைக்க வேண்டிய இடம் இது). விஞ்ஞானம் கிடக்கட்டும், சாதாரண மனிதன் கண்ணுக்கு நீ வெள்ளை இல்லை என்று தீர்ப்பு வந்தது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லேண்ட்.

விஞ்ஞானத்தை வேண்டும்போது எடுத்து, வேண்டாதபோது வைத்துவிட்ட ஒன்றை விஞ்ஞானத்தால் மட்டும் எப்படிக் கலைப்பது?

பிறகு வீட்டுக்கடன் கதை. 1934இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பர் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என ஒதுக்கியது. நியூயார்க்கின் லெவிட்டவுனில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன, கறுப்பருக்கு விற்கவில்லை. 1968இல் சட்டம் இதைத் தடுத்தபோது, அந்த வீடுகளின் மதிப்பு ஏறி, பிள்ளைகளுக்குச் சொத்தாக இறங்கத் தொடங்கியிருந்தது.

இதைப் பார்க்கிற மாணவர் “எங்க தாத்தா வீடு வாங்கினது எப்படி?”னு வீட்டில் போய்க் கேட்கலாம். முதல் பாகம் அப்படியொரு கேள்வியைத் தருவதில்லை. அதை வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். வகுப்பு நேரத்தை மூன்றாவதுக்கு வையுங்கள்.