பூட்டும் ரயிலும் ரெடிமேட் ரயிலும்

பொம்மை ரயிலிலே என்னய்யா ஆராய்ச்சி என்று அன்பர்கள் கேட்கலாம். தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமான கார்டன் ரீச்சுக்குப் பக்கத்திலே, கிடர்பூரில் வாழ்கிற நாம் அதைக் கேட்கலாமா?

நட்டும் போல்ட்டும் வைத்துப் பூட்டுகிற மெக்கானோவுக்கு லிவர்பூல்காரர் பிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்றார். 1920இல் அவர் வெளியிட்ட முதல் ரயிலும் அந்த வகையே. கழற்றலாம், மறுபடி பூட்டலாம். அமெரிக்காவில் ஏதெர்ன் கம்பெனி 1:87 அளவு வண்டிகளை நீலப் பெட்டியில் உதிரிகளாக விற்றது. அந்த வரிசை 2009இல் நின்றுபோயிற்று.

காரணம் என்ன? 1990களில் ஹார்ன்பி முதலான கம்பெனிகளின் உற்பத்தி சீனாவுக்குப் போயிற்று. அங்கே அப்போது கூலி மலிவு. ஆகவே பூட்டுகிற வேலையையும் தொழிற்சாலையே செய்து கொடுத்தது. நுணுக்கத்திலும் ரெடிமேட் வண்டிகளே மேல், அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் வியாபாரிக் கணக்கில் நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. உதிரியாக வாங்குகிறவன் தன் உழைப்பையும் முதலாகப் போடுகிறான். கையில் காசு குறைந்தவனுக்கும் நல்ல வண்டி கிடைத்தது. பூட்டினவனுக்குப் பழுது பார்க்கவும் தெரியும். நம்ம பேன்சி மார்க்கெட் பேட்டரி ரயில் நின்றுபோனால் பிள்ளை என்ன செய்கிறது? புதுசு கேட்கிறது. திறந்து பார்க்கத் தோன்றுவதில்லை.

மெக்கானோ மாதிரிப் பெட்டிகள் இன்றும் கடையில் உண்டு. அடுத்த பிறந்தநாளுக்கு அதில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். முதல் நட்டை மட்டும் நீங்கள் முடுக்குங்கள். மற்றதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.